கோயில் மதில் நிறத்தில் ஒரு காற்றாடி

கண்புரைச் சத்திரசிகிச்சை முடிந்து, வலது கண்ணின் கட்டை அவிழ்த்ததும் வீட்டில் நான் முதலில் பார்க்கப் போனது மனைவியை அல்ல, அலுமாரியை. அதற்கான வசை இன்னும் ஓயவில்லை.

அலுமாரிக்குள் என் விமானங்கள். கனடாவிலிருந்து அண்ணை அனுப்பும் பெட்டிகளில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். அவற்றை ஒட்டிப் பெயின்ற் அடிப்பதுதான் பென்சன் எடுத்த பிறகு என் உத்தியோகம். எல்லாம் பழங்காலத்து விமானங்கள். மூக்கில் மரக் காற்றாடி. வெளிர் மரமும் கரு மரமுமாகப் பலகைகளை அடுக்கி ஒட்டி, பிறகு செதுக்குவார்களாம். செதுக்கிய இடமெல்லாம் வரிவரியாகத் தெரியும். அந்த வரிகளைச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் தூரிகை நுனியால் கொண்டுவருவதில்தான் என் மானமே இருந்தது. அண்ணை படம் கேட்கும்போதெல்லாம், "படத்திலை விளங்காது, நேரை வந்து பாருங்கோ" என்பேன். மனிதர் நம்பிவிட்டார். அடுத்த கிழமை வருகிறார்.

கதவைத் திறந்தேன். ஒவ்வொரு விமானத்தின் மூக்கிலும் வெள்ளையும் காவியுமாக ஒரு துண்டுக் கோயில் மதில்.

புரை விழுந்த கண்ணுக்கு உலகமே மஞ்சள். வெறும் வெள்ளையைப் பூசிவிட்டு, அசல் பலாப் பலகை என்று என்னை நானே மெச்சியிருக்கிறேன். வலது கண்ணைப் பொத்தினால், இன்னும் வெட்டாத இடது கண்ணுக்கு இப்போதும் பலாதான்.

"உமக்கு இது முந்தியே தெரியுமோ?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ஓம். ஏதோ கோயிலுக்கு நேர்த்தியாக்கும் எண்டு நினைச்சன்."

வெள்ளை வரிகளின் மேல் மஞ்சளை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு ஓடவிட்டால் போதும். ஆனால் அதற்குக் குனியவேண்டும். குனியக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். சொட்டு மருந்துப் போத்தலோடு மனைவி காவல். மல்லாந்து கிடந்தே களைத்துப் போனேன். வேலை செய்த களைப்பென்றால் உறங்கியாவது தீர்க்கலாம். இது கழுத்து நோக இத்தனை மதில் கட்டிய களைப்பு. பேசாமல் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடலாம் என்றாலும் குனியவேண்டுமே.

அண்ணை வந்தார். தேத்தண்ணி வருமுன்பே அலுமாரியைத் திறந்தார். ஒன்றை எடுத்து, ஜன்னலடியில் தன் மூக்கோடு ஒட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டேய், பலகை ஒட்டினமாதிரியே கிடக்கு! இது பலாவோ?"

"ஓம் அண்ணை. பலா."

மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணையிடம் கேட்டாள்: "அத்தான், உந்தக் கண்ணை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டினால் என்ன?"

"காட்டத்தான் வேணும் பிள்ளை. கொஞ்சம் மஞ்சளாத்தான் தெரியுது."

"ஆறுதலாய்க் காட்டலாம் அண்ணை, அவசரமில்லை" என்றேன்.

அவர் அடுத்த விமானத்தை எடுத்தார். நானும் வலது கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.