வெயிலில் காய்ந்த படச்சுருள்

கடம்பூர்ச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். புஞ்சை வழியாக ஓடிவந்ததில் செருப்பில் அப்பிய கரிசல் அடிக்கு அடி கனத்தது. பின்னால் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் வேலிக்கருவைக்குள் ஒதுங்கினேன். சினிமாக்காரர்களுடையது வெள்ளைக் கார்.

கோவில்பட்டிக்கு வந்திருந்த ஜெர்மன்காரர் ஒரு சினிமா டைரக்டர். எழுபதைத் தாண்டியவர். ஒரு மாதமாக அவருக்குப் பெட்டி சுமந்தேன். அவர் படங்களில் கதை, நடிகர், பாட்டு எதுவும் கிடையாது. இளவயதில் ஒரு சுவரை மட்டும் ஒரு மணி நேரம் காட்டினாராம். பாதிச் சனம் எழுந்து போய்விட்டதாம். படச்சுருளை ஊசியால் கீறியே ஒரு படம் செய்திருக்கிறார். சோற்றுக்குத் தியேட்டரில் மிஷின் ஓட்டியிருக்கிறார். கண் மங்கிவிட்டதால் இதுதான் அவருக்குக் கடைசிப் படம் என்று மொழிபெயர்க்க வந்த ஓட்டப்பிடாரத்துப் பெண் சொல்லியிருந்தாள். வெடித்துக் கிடந்த கரிசலில் முதல் மழை இறங்குவதைப் பிடிக்கத்தான் காத்திருந்தார்.

மழை வந்தது. பிடித்தார். சுருள் இருந்த தகர டப்பாவை என்னிடம் கொடுத்தார். நான் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் டப்பாவில் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டது.

நான் தீப்பெட்டி செய்யும் ஆபீஸில் வளர்ந்தவன். அங்கே குச்சி நனைந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை, வெயிலில் பரப்பிவிடுவோம். மறுநாள் காலை அவர் தங்கியிருந்த வீட்டு முற்றத்தில் அதையேதான் செய்தேன். சுருளைப் பிரித்துச் சாக்கின்மேல் நீளமாகப் போட்டு, பறக்காமல் கல்லும் வைத்தேன்.

அந்தப் பெண் பார்த்துவிட்டு அலறினாள். “அண்ணாச்சி, என்ன காரியம் பண்ணிட்டிய! கழுவாத பிலிம்ல வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சே! அவியட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?”

“நனைஞ்சு போச்சேன்னுதான் தாயி...”

கிழவர் வெளியே வந்தார். குத்தவைத்து, சுருளின் ஒரு நுனியைக் கண்ணுக்கு அருகில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடித்திருந்தால் நின்றிருப்பேன். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்ததும் போலீஸுக்குத்தான் என்று நினைத்தேன். மாற்றுச் சட்டையைக்கூட எடுக்காமல் பின்பக்கமாக இறங்கிவிட்டேன்.

கடம்பூரில் அன்று எந்தக் காரும் என்னைத் தேடி வந்து நிற்கவில்லை. ஆனாலும் தூங்க முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் போய் நின்றேன்.

“ஏலே, என்ன வேலை தெரியும்?” என்றார் மேஸ்திரி.

“குச்சி காயப்போட்டிருக்கேன்.”

“அப்போ களத்துக்குப் போ.”

“வேண்டாம் அண்ணாச்சி. உள்ளயே ஏதாச்சும் குடுங்க.”

“வெயிலுக்கு அம்புட்டுப் பயமாலே?”

“ஆமா.”

லேபிள் ஒட்டுகிற வேலை கொடுத்தார். சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.