செவ்வந்தி மாற்றாத முடிவு

செவ்வந்தி பள்ளியில் படித்த காலத்தில் விழுந்து விழுந்து வாசித்த தொடர்கதைகளில் காதலன் என்றால் கோபக்காரன். காதலி வேறு யாரோடாவது சிரித்தால் அறைவான், பிறகு அழுவான். அடுத்த வாரம் அவள் அவன் மார்பில் சாய்ந்துகொள்வாள். அதனால், கல்யாணமாகி மணலூர்பேட்டைக்கு வந்த புதிதில், பஸ் கண்டக்டரான கணவன் கலையரசன் அக்கம்பக்கத்தில் பேசக்கூடாது என்றபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"எனக்கு நீ மட்டும் போதும். உனக்கு நான் பத்தாதா?" என்பான்.

கூடப் படித்த எழில்மதி பார்க்க வந்தாள். வாசலிலேயே திருப்பி அனுப்பினான். திருக்கோவிலூரில் இருந்த அம்மா ஆண்டாளைப் பார்க்கப் போவதும் நின்றது. பிறகு, வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டுப் போட ஆரம்பித்தான்.

1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ் ஓடாததால் கலையரசன் நாள் முழுக்க வீட்டில் இருந்தான். கிணற்றடியில் ஒரு பெண்ணிடம் செவ்வந்தி மறியலைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டாள். அதற்கு விழுந்த அடியில் உதடு கிழிந்தது. கதையில் வருகிறவன் போலவே அவன் அழுதான். அவளுக்கு மனம் இளகவில்லை. அவன் சாப்பிட்டுத் தூங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு திருக்கோவிலூர் சாலையில் நடக்கத் தொடங்கினாள்.

வெட்டிப்போட்ட ஒரு புளியமரத்தின் மேல் ஏறி இறங்கியபோது பின்னால் சைக்கிள் மணி கேட்டது. மரத்துக்கு அந்தப் பக்கம் கலையரசன்.

"இன்னா தைரியம் உனக்கு? வாடி வூட்டுக்கு!"

மறியலுக்கு வந்து சாலையோரம் கூழ் குடித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். அவர்களில் கரும்பு வெட்டும் ஆயம்மாள் செவ்வந்தியின் உதட்டைப் பார்த்தாள்.

"இவனோட போறியாம்மா?"

"போவல."

"அவனுக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

"போவலக்கா! எங்கம்மா வூட்டுக்குப் போறேன்!"

தன் குரல் இவ்வளவு பெரியதா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"கேட்டுக்கினியா தம்பி? சைக்கிளத் திருப்பு" என்றாள் ஆயம்மாள்.

அந்தப் பெண்கள் அடுத்த ஊர் எல்லைவரை அவளோடு நடந்தார்கள். பொழுது சாயும்போது ஆண்டாள் கதவைத் திறந்தாள். மகளைக் கட்டிக்கொண்டாள். கலையரசன் பலமுறை ஆள் அனுப்பிப் பார்த்தான். தாயும் மகளும் மசியவில்லை. கடைசியில் விவாகரத்து ஆனது.

செவ்வந்தி ஆசிரியப் பயிற்சி முடித்துக் களமருதூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். நெடுநாள் கழித்து, பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதினாள். அதில் வரும் பெண், யாரோடும் தன்னைப் பேசவிடாதவனை விட்டு வெளியேறுகிறாள்.

"கடைசியில ரெண்டு பேரையும் சேத்து வெச்சுடுங்க டீச்சர். பசங்களுக்குப் புடிக்கும்" என்றார் பதிப்பாளர்.

"அப்படி முடிஞ்ச கதைங்களப் படிச்சுத்தாங்க நான் போய் மாட்டினேன். மாத்த மாட்டேன்."

வேறொரு பதிப்பகம் முடிவைத் தொடாமல் அதை வெளியிட்டது. பள்ளி நூலகத்தில் அந்தப் புத்தகம் கைமாறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் வகுப்பில் இலக்கியா என்ற மாணவி எழுந்தாள்.

"டீச்சர், என் பிரெண்டு அவகூட மட்டும்தான் பேசணும்னு சத்தியம் வாங்கியிருந்தா. நேத்து முடியாதுன்னு சொல்லிட்டேன்."

வகுப்பு கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் செவ்வந்தி.