முபீனா கட்டிய ரிப்பன் ஜடை

உத்தமபாளையத்தில் முபீனா வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது ஃப்ரிட்ஜ்தான். அதன் தலையில் ஒரு விரிப்பு, விரிப்பின் ஓரமெல்லாம் சிவப்பு ரிப்பன் ரோஜா. மிக்சியின் உறையில் சூரியகாந்தி. டிவி ரிமோட்டுக்கும் பூப்போட்ட சட்டை உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் அவர் கணவர் உமர் பாருக், தான் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் தன் மேலும் நாலு பூவைத் தைத்துவிடுவாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பில் முபீனாவின் அக்கா மகள் ஷர்மினும் சேர்ந்துகொள்வாள். சின்னம்மாவுக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான் என்பது அவள் எண்ணம். ரிப்பனில் பூத் தைப்பது ஃபோனில் வீடியோ பார்த்துத் தொற்றிக்கொண்ட பழக்கம். மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, வட்டச் சட்டத்தில் துணியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற வரைக்கும் முபீனா எழமாட்டார். யாராவது விலை கேட்டால் அவர் முகம் சுருங்கிவிடும். பிடித்திருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள் என்பார்.

ஷர்மினுக்கு மூச்சிளைப்பு உண்டு. தூசி, புகை எதுவும் அவளை ஒன்றும் செய்யாது. மல்லிகைதான் ஆகாது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரம்மா தலை நிறைய வைத்திருந்தால் இவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நிற்பாள். சீலையம்பட்டிப் பூச்சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாக மல்லிகை போகிற பள்ளத்தாக்கில் பிறந்துவிட்டு, இப்படி ஒரு உடம்பு வாய்த்திருந்தது அவளுக்கு.

கோம்பையிலிருந்து மாப்பிள்ளை சதாம் வீட்டார் சம்பந்தம் பேசி முடித்துப் பூ வைக்க வந்த அன்று அது நன்றாகவே தெரிந்துபோனது. மாப்பிள்ளையின் அம்மா ரஹ்மத் பீவி கனத்த உடம்பும் ஓங்கிய குரலுமாக வந்து, பந்து பந்தாக மல்லிகையை ஷர்மின் தலையில் தன் கையாலேயே சுற்றிவிட்டார். ஷர்மின் சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், இவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடலாம் என்று ஷர்மின் கெஞ்சினாள். அவளுடைய அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். இளைப்புக்காரப் பெண் என்று பேர் வந்துவிட்டால் சம்பந்தம் நிற்காது என்று அவருக்குப் பயம். ஆனால் கல்யாணத்தன்று இடுப்பு வரைக்கும் பூஜடை தைத்து மேடையில் உட்கார வேண்டுமே. பூ இல்லாத மணப்பெண்ணை ஊர் என்ன என்று கேட்காதா? வைத்தால் மூச்சு போகும், வைக்காவிட்டால் பேச்சு வரும். அக்காவும் மகளும் முட்டிக்கொண்டதைக் கேட்டபடி கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்த முபீனா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"பூவ நான் பாத்துக்கிறேன். நீ மூச்சு விடுறத மட்டும் பாரு."

ரிப்பனில் மல்லிகை செய்துவிடலாம் என்று சொல்வது எளிது. ரோஜா பெரிய பூ, கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. மல்லிகை மொட்டு நம் வீட்டுப் பெண்களின் கையிலேயே புழங்குகிற பொருள். பிறந்ததிலிருந்து தொட்டுப் பார்த்தவர்களை ஏமாற்ற வேண்டும். முதலில் செய்த மொட்டுகள் வெள்ளைவெளேரென்று பல் செட்டு மாதிரி இருந்தன. முபீனாவே அவற்றைக் குப்பையில் கொட்டினார்.

பிறகு நிஜ மல்லிகையை வாங்கி, ஷர்மின் வந்தால் ஆகாதே என்று மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு மொட்டாகப் பிரித்துப் பார்த்தார். மல்லிகை வெள்ளையே இல்லை என்பது அவருக்கு அங்கேதான் தெரிந்தது. காம்புப் பக்கம் இளம்பச்சை, நடுவில் பால் நிறம், நுனியில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு சிவப்பு. தேயிலைத் தண்ணீரை நீர்க்கக் காய்ச்சி ரிப்பனை முக்கி எடுத்தார். அறுத்த முனை பிரியாமல் இருக்க மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் காட்டி விரல்நுனிகள் கருத்தன. ஒரே அளவில் செய்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒன்றைக் குண்டாக, ஒன்றை ஒல்லியாக, இங்கொன்றும் அங்கொன்றும் லேசாக வாய் திறந்ததாகச் செய்தார். கட்டுவதற்கு மட்டும் நூல் வேண்டாம் என்று, புருசனை மண்டியிலிருந்து வாழைநார் கொண்டுவரச் சொன்னார். சிரித்துக்கொண்டே கொண்டுவந்து போட்ட உமர் பாருக், கட்டி முடித்த முதல் சரத்தைப் பார்த்த பிறகு ஃப்ரிட்ஜ் ரோஜாவைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் முபீனா ஷர்மினை வந்து பார்க்கச் சொன்னார். அறைக் கதவைத் தள்ளியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தாம்பாளம் நிறைய மல்லிகை குவிந்திருந்தது. அவள் கை தானாகத் துப்பட்டாவை எடுத்து மூக்கைப் பொத்தியது. நெஞ்சு இறுகத் தொடங்கியது. ரிப்பன் என்று தெரிந்தே வந்தவளின் உடம்பு நம்ப மறுத்தது. முபீனா ஒரு சரத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்த பிறகுதான் மூச்சு இறங்கியது. இத்தனை நாள் இந்தக் கைகளையா கேலி செய்தோம் என்று ஷர்மினுக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அவள் சின்னம்மாவின் கருத்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று கிளம்புகிற அவசரத்தில் ஷர்மினின் அம்மா, வாசம் இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று ஜடை மேல் மல்லி அத்தரைத் தெளிக்கப் போனார். முபீனா பாய்ந்து பிடுங்கினார். மண்டபமே மணக்கும், இவள் தலை மணக்காதது யாருக்கும் தெரியாது என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. மேடையில் காற்று வருகிற ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டார்கள். வந்தவர்களெல்லாம் ஜடையைப் பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். முபீனா இன்ஹேலரைக் கைப்பைக்குள் இறுக்கிப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார்.

ஆண்கள் பக்கம் நிக்காஹ் முடிந்து, துஆ ஓதுகிற சத்தம் மைக்கில் கேட்டது. அடுத்தது தாலியாகக் கட்டுகிற கருகமணி. மாப்பிள்ளையின் அம்மாதான் கட்ட வேண்டும். ரஹ்மத் பீவி தலை நிறைய மல்லிகையோடு மேடை ஏறி ஷர்மினுக்குப் பின்னால் போய் நின்றார். கழுத்தில் கட்டுவதற்கு ஜடையைத் தூக்கித்தானே ஆக வேண்டும்? இத்தனையும் யோசித்த முபீனாவுக்கு இது மட்டும் தோன்றாமல் போயிற்று.

நிஜப் பூஜடை கையில் கனக்கும், ஈரமாகச் சில்லென்று இருக்கும். இது பஞ்சாக மேலே வந்தது. ரஹ்மத் பீவியின் கை அப்படியே நின்றது. அதே நேரம் அவர் தலைப் பூவின் வாசம் கவிழ்ந்து, ஷர்மின் நெஞ்சுக்குள் விசில் அடிக்கத் தொடங்கியது. அவ்வளவு பக்கத்தில் நிற்கிறவருக்கு அது கேட்காமல் இருக்காது. எல்லாம் முடிந்தது என்று ஷர்மின் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரஹ்மத் பீவி நிதானமாகக் கருகமணியைக் கட்டினார். பிறகு குனிந்து, அந்த ஓங்கிய குரல் எங்கே போனதோ, காதோடு கேட்டார்.

"பூ ஆகாதா ஆத்தா ஒனக்கு?"

"இளைக்கும் மாமி," என்றாள் ஷர்மின்.

அவர் நிமிர்ந்தார். ஒரு மொட்டை விரலால் உருட்டிப் பார்த்தார். முபீனா முகத்தைப் பார்த்தார், அவர் விரல்களைப் பார்த்தார். "இத எதுக்கு எங்கிட்ட மறைச்சீக," என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, ஜடையை ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் பழையபடி தொங்கவிட்டார். விறுவிறுவென்று மேடையை விட்டு இறங்கி, தன் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். சம்பந்தம் போயிற்று என்று ஷர்மினின் அம்மா வாசலையே பார்த்தார். முபீனா நீட்டிய இன்ஹேலரை மகள் முந்தானைக்குள் வைத்து இழுத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். ஒருவர் தலையிலும் ஒற்றைப் பூ இல்லை. ரஹ்மத் பீவி தன் நாற்காலியை இழுத்து மருமகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, ஃபோட்டோக்காரரைப் பார்த்து, எடுங்கள் என்று கையைக் காட்டினார்.

ஆல்பம் வந்ததும் கோம்பை வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். விருந்துக்குப் போயிருந்த முபீனாவும் அங்கே இருந்தார். பொண்ணு ஜடைக்கு எந்த ஊர்ப் பூ என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டார். உத்தமபாளையத்துப் பூ என்று ரஹ்மத் பீவி சொன்னார். முபீனா தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மா விடவில்லை.

"அது சரி, மகன் கல்யாணத்துல நீ ஒரு முழம் பூகூட வைக்காம உக்காந்துருக்கியே, என்னா?"

ரஹ்மத் பீவி அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"மறந்துட்டேன்," என்றார்.