பழுதில்லாத ரெகுலேட்டர்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஞாயிற்றுக்கிழமை டைவிங்குக்குக் கணினியில் கணக்குப் போட்டது. அவர் எண்களைச் சொல்ல, அவள் தட்டினாள். ஐம்பது மீட்டர் ஆழம், அடியில் இருபது நிமிடம், எந்தச் சிலிண்டரில் எந்த வாயு என்று கொடுத்தால், மேலே வரும் வழியில் எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அந்த மென்பொருள் சொல்லிவிடும். நிற்காமல் வந்தால் உடம்பில் கரைந்த வாயு குமிழாகி ஆளையே முடக்கிவிடும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஊராரை மேலே ஏற்றுவார். ஞாயிறானால் நீர் நிரம்பிய பழைய கல்குவாரியில் தான் கீழே இறங்குவார். கூடவே இறங்கும் கூட்டாளி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அடியில் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டுமென்று மகளிடம் மல்லுக்கட்டுவதுதான் அப்பாவின் வழக்கம். அன்றைக்குத் தலைகீழாக இருந்தது.

“கடைசி நிறுத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமாம்மா?”

“அடியில இருக்கிற நேரத்தைக் குறைச்சா குறையும்.”

“அப்ப பாதியாக்கிடு.”

“பாதி நேரத்துக்கு அங்க போய் என்னப்பா பண்ணப் போறீங்க? மீனுக்கு வணக்கம் சொல்லிட்டு வரவா?”

அவர் மேசைவிரிப்பின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. போன ஞாயிறு, ஆறு மீட்டரில் கடைசியாக நிற்கும்போது அவருக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. தண்ணீர் புகாத உடுப்பை உள்ளே நனைத்துவிட்டு, கரையில் அத்தனை பேர் முன்னால் எப்படிக் கழற்றுவது? நான்கு நிமிடம் பாக்கியிருக்க, கூட்டாளியை விட்டுவிட்டு மேலே வந்து புதர்ப் பக்கம் ஓடியிருக்கிறார். கேட்டவர்களிடம், ரெகுலேட்டரில் காற்று சரியாக வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

ரெகுலேட்டர் என்பது மூச்சுவிட வாயில் கடித்துக்கொள்ளும் கருவி. அது கண்ணாடிக்கடைக்காரருடையது. அவரே வாஷர் மாற்றிப் பூட்டி இரவல் கொடுத்தது.

“தினம் அதைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கறாரு. தன்னால நான் செத்திருப்பேன்னு சாப்பாடு இறங்கலையாம்.”

“நீங்க உண்மையைச் சொல்லலையா?”

“என்னன்னு சொல்ல? ஒண்ணுக்கு வந்துச்சுன்னா? இந்த வயசுல?”

அவள் சிரித்துவிட்டாள். “டயப்பர் கட்டிக்கிட்டு இறங்கறவங்க இருக்காங்கப்பா.”

“வாயை மூடு.” அவர் முகம் சுண்டிப்போனது. “இந்த வாட்டி சனிக்கிழமையே தண்ணியை நிறுத்திடறேன்.”

“ஐயோ, உடம்பு வறண்டா அது இன்னும் ஆபத்து. தண்ணி குடிச்சீங்களான்னு இந்தக் கணக்கு உங்களைக் கேக்காது.” அவள் கணினியை மூடினாள். “முதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. அப்புறம் போட்டுத் தரேன்.”

“சரி தாயே. நாளைக்குக் கடைக்குப் போறேன்.”

போனார். அங்கே நடந்ததைக் கடைக்காரர்தான் பிறகு மகளிடம் சொன்னார். மேசைமேல் விரித்த துணியில் ரெகுலேட்டர் துண்டு துண்டாகக் கிடந்திருக்கிறது. “வாய்யா மெக்கானிக்கு. மன்னிச்சிடு, பழுது இன்னும் பிடிபடல” என்றிருக்கிறார் கடைக்காரர்.

அப்பா அந்தத் துண்டுகளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். “ஸ்க்ரூ ஆடுது, பாரு.”

ஸ்க்ரூ இறுகித்தான் இருந்தது. கடைக்காரர் ஒப்புக்குத் திருகித் துடைத்துக் கொடுத்தார். அப்பா திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள், ஒரு கட்டடத்து லிஃப்டின் மோட்டார் அறையில், அப்பாவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிவரை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த கடைக்காரர் மகளை ஓரமாக அழைத்தார். “அன்னைக்கு மூச்சு முட்டினதுலதான் நெஞ்சு கெட்டுப்போச்சோம்மா?”

“இல்ல மாமா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

கூடத்தில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். நடுவில் அப்பா. இங்கே சொன்னால் அத்தனை பேர் காதிலும் விழும். கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவர் கிளம்பிய வேலை இன்னும் முடியவில்லை.