மிதந்த குடம்

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். பாதி விஷயம் மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் மறக்கவில்லை.

அப்பாவுக்கு ஹவுராவில் ரயில்வே ஆபீஸில் உத்தியோகம். அண்ணா எஃப்.ஏ. வகுப்பு. காலேஜில் வீட்டுக்குக் கொடுத்துவிடும் பௌதிகக் கணக்கு அவனுக்கு ஓடவே ஓடாது என்று, சாயங்காலத்துக்கு ஒரு வங்காளி மாஸ்டரை அப்பா ஏற்பாடு செய்தார். பாடம் வாசல் அறையில் நடக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் அரிசி பொறுக்குகிற சாக்கில் நான். எனக்குக் கல்யாணம் பேசி முடித்துப் பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கதவிடுக்குதான் எனக்கு மிச்சமிருந்த பள்ளிக்கூடம்.

ஒருநாள், பித்தளைக் கட்டி தண்ணீரில் முழுகும்போது பித்தளைக் குடம் ஏன் மிதக்கிறது என்று கணக்கு. அண்ணா திருதிருவென்று விழித்தான். மாஸ்டர் பொறுமையிழந்து முற்றத்துக்கு வந்து, கவிழ்த்து வைத்திருந்த குடத்தை எடுத்துத் தொட்டியில் விட்டார். அது படகு மாதிரி ஆடியது.

"இப்போது சொல்லு!" என்றார் வங்காளியில்.

"குடம் பெரிசு, சார்."

நான் சிரித்துவிட்டேன். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "ஓ குகி!" சின்னப் பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அண்ணாவைப் பார்த்தா சிரிப்பு? நீ யோசித்து நாளைக்குச் சொல்லு, பார்க்கலாம்."

அதுவரை என்னை யாரும் யோசிக்கச் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா ஆபீஸிலிருந்து வந்து நின்றார். அம்மாவும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மீன் திங்கற கையால மடிக் குடத்தைத் தொட்டுட்டானே!"

அப்பா குடத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நாளைலேர்ந்து அவன் வர வேண்டாம்."

மறுநாள் காலை புளி போட்டு, சாம்பல் போட்டு, உள்ளங்கை எரிய எரியக் குடத்தைத் தேய்த்தேன். அலம்பத் தண்ணீர் மொண்டு தூக்கியபோதுதான் விடை வந்தது. வெறும் குடத்தைவிட உள்ளேயிருக்கும் தண்ணீர் எத்தனை கனம்! அவ்வளவு தண்ணீரை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் வெறும் குடம் போய் உட்காரப் பார்த்தால், தண்ணீர் சும்மா விடுமா? மேலே தள்ளாதா?

ஓடிப் போய்க் காட்டினேன். "பாரும்மா, பளபளன்னு ஆயிடுத்து. இனிமே மாஸ்டர் வரலாமோல்லியோ?"

"வாயை மூடுடீ. புக்காத்துல போய் எங்க பேரைக் கெடுக்கறதுக்குன்னே பொறந்திருக்கே."

சில நாளில் வேறு மாஸ்டர் வந்தார். அவரும் வங்காளிதான், அவரும் மீன் சாப்பிடுகிறவர்தான். எங்கள் குடத்திலேயே மொண்டு கைகால் கழுவிக்கொண்டு உட்காருவார். அம்மா மூச்சு விடவில்லை. நடுக்கதவுக்கு மட்டும் புதிதாகத் தாழ்ப்பாள் வந்தது. தாழ்ப்பாள் அண்ணா பக்கம்.

இன்னும் அழுத்தித் தேய்த்திருக்க வேண்டும் என்றே வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன், அசடு. அவர் என்னைக் கேள்வி கேட்டதுதான் குற்றம் என்று புரிந்தபோது, சண்டை போட அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

அந்த விடையை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. மேலே எழுதியிருக்கிறேன். பௌதிகம் படித்தவர்கள் யாராவது பார்த்து, சரியா தப்பா என்று சொல்லுங்கள்.