சுறா எண்ணெய் பூசிய பை

பயந்து சாவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதிலும் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்ப் புத்தகத்தோடு பாம்பனுக்குப் போன அன்று நான் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! அங்கே குமாஸ்தா வேலைக்கு இன்டர்வியூ. மழை கொட்டியதில் பாலத்து ரயிலை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் ரயிலை விட்டால் தீவுக்குக் கடல்தான் வழி. என் லாத்தாவை, அதாவது அக்காவைக் கட்டிய மச்சான் தன் வத்தையில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். இரண்டு பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும் சின்னப் படகு அது. புத்தகம் நனைந்தால் என் பிழைப்பே போச்சு.

முதல் நாள் லாரி டியூபில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைப் பஞ்சர் பசையால் ஒட்டினேன். மறுமுனையைச் சுருட்டிக் கட்டக் கயிறு. அதோடு விட்டிருக்கலாம். பெரிய புத்திசாலி அல்லவா நான்! தண்ணீர் இறங்காமலிருக்க வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவோமே, அதைப் பைக்கும் இரண்டு கை அள்ளிப் பூசிவைத்தேன்.

பாதி வழியில் காற்று திரும்பி, அலை வத்தைக்குள் ஏறியது. மடியிலிருந்த பையைத் தொட்டுப் பார்த்தேன். எண்ணெயில் ரப்பர் ஊறி உப்பி, ஒட்டிய முனை விரலோடு பிரிந்து வந்தது. மரத்துக்கு நல்லது ரப்பருக்கு விஷம் என்று எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்? பிரிந்த முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன்.

“ஏலே, தண்ணியக் கோரி ஊத்துடா! முங்கப் போறோம்!” என்று மச்சான் கத்தினார்.

“பை பிரியுது மச்சான்!”

“பையத் தூக்கிக் கடல்ல போடு! கோருடா!”

கையை எடுக்க முடியவில்லை. ‘யா அல்லா, யா அல்லா’ என்று வாய் மட்டும் அரற்றியது. அவரே ஒரு கையில் துடுப்பும் மறு கையில் தகரக் குவளையுமாகத் தண்ணீரை இறைத்தார். அடுத்த அலையில் சாய்ந்து, பாதி உடம்பு வெளியே போய், விளிம்பைப் பற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். கை நீட்டினால் எட்டும் தூரம்தான். நான் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தானாகவே எக்கி உள்ளே வந்தார். எப்படியோ கரை சேர்ந்தோம். புத்தகத்தில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

வேட்டியைப் பிழிந்தபடி மச்சான் கேட்டார்: “நான் விழுந்திருந்தா கையக் குடுத்திருப்பியா மாப்புள?”

“குடுத்திருப்பேன் மச்சான்.”

“சரி, போ. நேரமாவுது.”

வேலை கிடைத்தது. பாம்பனிலேயே தங்கிவிட்டேன். கருவாடு கொடுக்க, லாத்தாவை விட்டுவிட்டுப் போக, எத்தனையோ தரம் மச்சான் வத்தையில் வந்திருக்கிறார். ஊருக்கு வாரியா, ஏறிக்கோ என்று என்னை ஒரு தரமும் கூப்பிட்டதில்லை.