பாக்தாத்தில் விட்டுவந்த ஸ்டவ்

மொரப்பூர் ரயில் நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது அலமேலுவின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. மார்கழி மாதக் காலை. நடைமேடையில் நின்றவர்கள் எல்லாரும் துண்டால் காதை மூடியிருந்தார்கள். என் மனைவிக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. அந்த வியர்வையில் மழையில் நனைந்த வைக்கோலின் வாடை இருந்தது. பெட்டிகள் சரியாக இறங்கிவிட்டனவா என்று பார்த்துக்கொண்டிருந்த நான், "அலைச்சல்தான், வேறொன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வண்டிக்காரனைத் தேடிப் போனேன்.

காரணம் தெரியாத காய்ச்சலோடு ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, அவர் உண்மையிலேயே நோயாளிதானா என்று மனத்துக்குள் சந்தேகப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் நோயாளி அல்ல. நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவன். அந்த நோய் வந்ததிலும் அது நீண்டதிலும் எனக்குப் பங்கு உண்டு.

முப்பதுகளின் நடுவில் ஆசிரியர் பயிற்சிக்காக இங்கிலாந்து போயிருந்தேன். அலமேலுவும் உடன் வந்தாள். கடத்தூரில் எங்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் போன முதல் பெண் அவள்தான். படிப்பு முடிந்ததும் எல்லாரும் கப்பலில் திரும்பினார்கள். நான் தரைவழியாகப் போவோம் என்றேன். கப்பலில் போனால் தண்ணீரைத் தவிர என்ன தெரியும் என்பது என் வாதம். ரயில் உள்ள இடத்தில் ரயில், இல்லாத இடத்தில் லாரி. ஐரோப்பாவைக் குறுக்காகக் கடந்து இஸ்தான்புல், அங்கிருந்து சிரியா, பாலஸ்தீனம். எகிப்துக்கும் போய்விட்டுத் திரும்பினால் மூன்று கண்டம் ஆகிவிடும் என்று அதையும் சேர்த்துக்கொண்டேன். ஊருக்குப் போய் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்ற ஆசை அப்போதே எனக்கு இருந்தது.

அலமேலு லண்டனிலிருந்தே ஒரு பம்ப் ஸ்டவ்வைச் சுமந்து வந்தாள். எந்த ஊர்ச் சத்திரத்தில் தங்கினாலும் அதைப் பற்றவைத்துப் பால் காய்ச்சுவாள். பொங்கி மேலே வந்த பிறகுதான் இறக்குவாள். கொழுப்பு வாடை வீசும் அந்த ஊர் இறைச்சியை அவளால் சாப்பிட முடியவில்லை. ரொட்டியும் பாலும்தான் அவளுக்குச் சாப்பாடு.

பாக்தாத்தில் பாரசீகம் போகும் லாரிக்காரர், சாமான் அதிகம் என்றார். ஒரு பெட்டியைக் குறைக்க வேண்டும். என் கேமராவும் கண்ணாடித் தகடுகளும் ஒரு பெட்டி. ஸ்டவ்வும் பாத்திரங்களும் ஒரு பெட்டி. ஸ்டவ்வை அங்கேயே சத்திரத்துக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அலமேலு பால் வாங்கும் தூக்குப்போசியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

பாரசீக மலைப்பாதைகளில் காலையில் லாரி கிளம்பும் இடங்களில் ஆட்டுக்காரர்கள் வருவார்கள். முதல் நாள் அலமேலு பாலை வாங்கிக்கொண்டு முள்ளும் சுள்ளியும் பொறுக்கி அடுப்பு மூட்டப் பார்த்தாள். காற்றில் தீ நிற்கவில்லை. லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். மற்றப் பயணிகள் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கு வெள்ளாட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு கொடுப்பார்கள். உடம்புக்கு உரம் என்று பெயர். நான் அப்படி வளர்ந்தவன். அதைச் சொல்லித்தான் அவளை அவசரப்படுத்தினேன்.

"நம்மூர்ல கறந்த சூட்டோட குடிக்கலியா? குடிச்சிட்டு ஏறு."

"நம்ம ஆடு நமக்குத் தெரியும்ங்க. இது யாரு ஆடுன்னு தெரியுமா?" என்றாள்.

நான் சிரித்தேன். ஆட்டுக்குமா ஜாதகம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவள் குடித்தாள். நுரை உதட்டில் ஒட்டியிருக்க, ஆட்டின் பக்கத்தில் கிண்ணத்தோடு நின்ற அவளைப் படம் எடுத்தேன். அன்றிலிருந்து பலுசிஸ்தான் எல்லை வரும்வரை அப்படித்தான் குடித்தாள். எனக்குப் பால் பிடிக்காமல் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. நான் தேநீர் குடித்தேன்.

ஊர் வந்த பிறகு காய்ச்சல் ஒரு ஒழுங்கில் வர ஆரம்பித்தது. மாலையில் ஏறும், விடியும்போது வியர்த்து இறங்கும். சில வாரம் இப்படி இருந்துவிட்டு முழுசாகப் போய்விடும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது திரும்பி வரும். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் வலி. சாப்பாடு வேண்டாம். யாராவது பேசினால் பதில் சொல்லக்கூட அலுப்பு.

தருமபுரி மருத்துவர் மலேரியா என்று குயினைன் கொடுத்தார். அதனால் காது இரைந்ததுதான் மிச்சம். என் அம்மா நல்லவள்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "மூணு கண்டம் சுத்துனவளுக்குக் கெணத்தடிக்கு நடக்க முடியலியாம்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாள். நான் அம்மாவைத் தடுக்கவில்லை. காய்ச்சல் இல்லாத நாட்களில் அலமேலு நன்றாகவே இருந்ததால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

பிறகு சேலத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே பெண்களுக்காகச் சிறிய மருத்துவமனை ஒன்றை ஒரு பெண் மருத்துவர் நடத்திவந்தார். நாற்பது வயது இருக்கும், நிதானமாகப் பேசுவார். டைபாய்டுக்கு இரத்தம் பார்த்தார். இல்லை. நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். சளி இல்லை. கடைசியாக வழிப்பயணத்தைப் பற்றிக் கேட்டார். எங்கே தங்கினோம், எந்தத் தண்ணீர் குடித்தோம் என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சீமையில படிச்சவரு நீங்க. காய்ச்சாத பாலெல்லாம் குடுத்திருக்க மாட்டீங்க, இல்லையா?"

"இல்லைங்க டாக்டர். எப்பவும் காய்ச்சித்தான்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. அவர் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது. அந்தப் பதிலில் நான் படித்தவனாகத் தெரிந்தேன், அதை எடுத்துக்கொண்டேன். கட்டிலில் படுத்திருந்த அலமேலு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

மருத்துவரால் நோயைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நரம்புத் தளர்ச்சி (உடலில் நோய் எதுவும் அகப்படாதபோது அந்தக் காலத்தில் சொன்ன பெயர்) என்றார். படுத்தே கிடக்க வேண்டாம், வீட்டு வேலை செய்தால் மனமும் உடம்பும் தேறும் என்று சொல்லி அனுப்பினார். அம்மாவுக்கு இது போதுமானதாக இருந்தது. அலமேலு மறுபடியும் கிணற்றில் தண்ணீர் இறைத்தாள், ராகி அரைத்தாள். முதுகு வளையாதபோது கிணற்றுச் சுவரில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு இறைப்பாள். அந்த வருடம் அவளுக்குக் கரு உண்டாகி, ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அது பெண் என்று மருத்துவச்சி சொன்னாள்.

அதே வருடத்தில்தான் நான் பள்ளிக்கூடங்களுக்கும் சங்கங்களுக்கும் போய்ப் பயணச் சொற்பொழிவு செய்துகொண்டிருந்தேன். படங்களைக் கண்ணாடி வில்லைகளாக்கி, விளக்கு வைத்துத் திரையில் காட்டுவேன். பிரமிடுகள், பாக்தாத் படகுகள், பனி மூடிய கணவாய். ஆட்டுப் பால் படம் வந்ததும், "பாரசீகம் போனாலும் நம் கடத்தூர் வழக்கத்தை என் மனைவி விடவில்லை" என்பேன். கூட்டம் சிரிக்கும். இத்தனை தூரத்திலும் அவள் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை என்று முடிப்பேன். கைதட்டுவார்கள்.

சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படிப் பேசி முடித்து வில்லைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த மருத்துவர் என்னருகே வந்து நின்றார். அவர் கூட்டத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை.

"அந்த ஆட்டுப் படத்த இன்னொரு தரம் காட்டுங்க."

எடுத்துக் கொடுத்தேன். விளக்குக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கிண்ணத்துல நுரை அப்படியே இருக்கே. காய்ச்சின பால்ல இப்படி நிக்குமா?"

நிற்காது என்றேன். எத்தனை நாள் குடித்தாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வில்லையைக் கவனமாகப் பெட்டியில் வைத்தார்.

"வேலை செய்யச் சொன்னது நான்தானே. அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அந்தப் பொண்ணப் படுக்கையிலிருந்து எறங்க விட்டிருக்க மாட்டேன்" என்றார். அவருடைய குரல் எனக்காக அல்லாமல் அவருக்காகவே பேசியதுபோல இருந்தது.

இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார். மால்டா காய்ச்சல் (நோயுற்ற ஆட்டின் காய்ச்சாத பாலிலிருந்து மனிதருக்குத் தொற்றுவது, அலைபோல வந்து வந்து போகும்) என்று பதில் வந்தது. கரு கலைந்ததற்கு அதுதான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். முதுகெலும்பின் கணுக்களில் இரண்டு கெட்டிருந்தன. ஓய்வில் வைத்திருந்தால் இந்த அளவுக்குக் கெட்டிருக்காது என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். அப்போது அந்த நோய்க்கு நேரான மருந்து கிடையாது. ஓய்வு ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எழுந்து போய்க் கிணற்றடியிலிருந்த அலமேலுவின் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். பிறகு அம்மா சாகும்வரை அந்த வீட்டில் அலமேலு தண்ணீர் இறைக்கவில்லை.

அலமேலுவிடம் மட்டும் கேட்க எனக்குப் பல நாள் பிடித்தது. அன்று மருத்துவர் முன்னால் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன்.

"நீங்கதான் சொல்லிட்டீங்களே. நான் வேற ஒண்ணு சொன்னா, அந்த டாக்டரம்மா முன்னால உங்க மூஞ்சி என்னாவறது?"

"ஒடம்பு உன்னோடதாச்சே."

"அப்ப அது எனக்குத் தோணலங்க. இப்பத் தோணுது" என்றாள். பிறகு, "காச்சலவிட அதுதான் எனக்கு ஆறல" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அதன் பிறகு சொற்பொழிவுக்கு யார் அழைத்தாலும் நான் போகவில்லை.

பிறகு வந்தவை யுத்த வருடங்கள். அவற்றைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. உலகத்தில் என்னென்னவோ நடந்தது. எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தது, போனது. வருகிற காய்ச்சலை அலமேலு முன்கூட்டியே அறிந்துகொள்வாள். நெல்லிக்காய் தின்ற பிறகு குடித்த தண்ணீர்போல வாய் இனிக்கும் என்பாள். காய்ச்சல் இல்லாத நாளில் அவளைப் பார்க்க மருத்துவர் வந்தால், "இன்னிக்கி அது லீவு போட்டிருச்சுங்க" என்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் அவளைப் புரட்டிப் படுக்க வைப்பேன், துணி மாற்றுவேன். வைக்கோல் வாடை என் சட்டையிலும் இருந்தது. இதை எல்லாம் அன்பால் செய்தேனா, குற்ற உணர்வால் செய்தேனா என்று எனக்கே தெரியாது. நோயாளிக்கு அந்த வித்தியாசம் முக்கியமில்லை என்று ஒரு நாள் தோன்றியது. அதன் பிறகு வேலை கொஞ்சம் எளிதாயிற்று.

நாற்பதுகளின் கடைசியில் அந்த மருத்துவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஸ்ட்ரெப்டோமைசின் (கிருமியை நேராகக் கொல்லும் புதிய ஊசி மருந்து) சென்னையில் கிடைக்கிறது என்றார். பக்க விளைவுகளையும் மறைக்காமல் சொன்னார். உள்காதில் (உடல் சாயாமல் நிற்க உதவும் உறுப்பு அங்கேதான் இருக்கிறது) கோளாறு வரலாம். போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அலமேலுவைப் பார்த்தேன்.

அவள் அவசரப்படவில்லை. மருத்துவரிடம் மேலும் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டாள். கண் போகுமா, கை விளங்காமல் போகுமா என்று. பிறகு, "போடுங்க. நிக்கறதுக்குத்தான வேணும், சாய்ஞ்சா சாய்ஞ்சிட்டுப் போவுது" என்றாள்.

ஊசியும் சல்ஃபா மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. ஒவ்வொரு மாலையும் அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். குளிர்ந்திருக்கும். அடுத்த அலை வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தோம். அது வரவில்லை. காய்ச்சல் நின்றுவிட்டது என்பதை எங்களால் ஒரு நாளில் நம்ப முடியவில்லை. அப்படி நம்பிய நாள் எது என்று கேட்டால் இன்று எனக்குச் சொல்லத் தெரியாது.

மருத்துவர் சொன்னபடியே உடம்பின் சமநிலை போய்விட்டது. வெளிச்சத்தில் கண்ணை ஊன்றி நடந்துவிடுவாள். விளக்கு மங்கினால் தரை எங்கே என்று அவளுடைய உடம்புக்குத் தெரியாது. பொழுது சாய்ந்ததும் ஒரு கை சுவரில், ஒரு கை என் தோளில். பயணம் முழுக்க நான் முன்னால் நடந்தவன், பெட்டிகளோடு அவள் பின்னால் வருவாள். இப்போது அவள் அடி வைத்த பிறகுதான் நான் வைக்கிறேன். கூடத்திலிருந்து சமையலறை வரை உள்ள தூரம் எனக்கு இவ்வளவு நன்றாகத் தெரிந்ததில்லை.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. காலையில் பால் வரும். மின்சார விளக்கு இருந்தும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அலமேலு அடுப்பின் முன் நிற்கிறாள். நான் பக்கத்தில் நிற்கிறேன். பால் முதலில் ஓரத்தில் நுரைக்கும், பிறகு நடுவில் சுருங்கும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். அந்த நேரத்தில் என் கை தானாகப் பாத்திரத்தை நோக்கிப் போகிறது, இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

"இருங்க" என்கிறாள். "இன்னும் பொங்கல."

இருக்கிறேன்.